எந்த லண்டன், எந்த முருகேசன்? புதிதாக வருபவர்களுக்குப் பெயர் பற்றிச் சில குறிப்புகள்

லண்டனில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று யாராவது சொன்னால், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் நான் கேட்பது இதுதான்: எந்த லண்டன்? சிலர் முறைப்பார்கள். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் இருக்கிறது. டொரான்டோவிலிருந்து தென்மேற்கே சுமார் 190 கிலோமீட்டர். பெரிய பல்கலைக்கழகம் உள்ள ஊர் என்பதால் வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். ஊர்ப் பெயரோடு நின்றிருந்தால்கூடச் சமாளிக்கலாம். அந்த ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயரும் தேம்ஸ். அது இருக்கும் கவுன்ட்டி, அதாவது மாவட்டம், மிடில்செக்ஸ்; அதுவும் இங்கிலாந்துப் பெயர்தான். அங்கே ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட் உண்டு, பிக்காடில்லி உண்டு, கோவன்ட் கார்டன் என்று ஒரு சந்தையும் உண்டு. அறை தேடும்போது 'ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட், லண்டன்' என்று மட்டும் தட்டிப் பார்த்தால், வருகிற வாடகை உங்கள் தலையைச் சுற்ற வைக்கும். அது வேறு லண்டனின் வாடகை.

இந்தக் குழப்பத்தின் மூலவர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ. 1793-இல் மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோவின் தென்பகுதி) துணைநிலை ஆளுநராக இருந்தவர். அந்த இடத்தைத் தலைநகர் ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தலைநகர் வரவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அவர் மனைவி எலிசபெத், டொரான்டோவுக்குக் கிழக்கே ஏரிக்கரையில் செங்குத்தாக நின்ற வெளிர்நிற மேடுகளைப் பார்த்து, இங்கிலாந்தின் ஸ்காபரோ மாதிரியே இருக்கிறதே என்று நினைத்தார். நம் ஆட்கள் இன்று இவ்வளவு பேர் வாழும் ஸ்காபரோவுக்குப் பெயர் வந்த கதை அதுதான். இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடற்கரையில் மூல ஸ்காபரோ இன்னும் இருக்கிறது. கரிபியனில் டொபேகோ தீவின் முக்கிய நகரமும் ஸ்காபரோதான்.

குடியேறப் போனவர்கள் ஊர்ப் பெயரையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதுதான் இவற்றின் பின்கதை. சில சமயம் மேலிடத்தைக் குளிர்விக்கவும் பெயர் வைத்தார்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள சிட்னி 1785-இல் உருவானது, ஆஸ்திரேலிய சிட்னி 1788-இல். இரண்டும் ஒரே ஆளின் பெயர்: அப்போது பிரிட்டனின் உள்துறை அமைச்சராக இருந்த சிட்னி பிரபு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1845-இல் இரண்டு பேர் தங்கள் புது ஊருக்குப் பெயர் வைக்கப் பூவா தலையா போட்டார்கள். ஒருவர் பாஸ்டன்காரர், மற்றவர் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்துக்காரர். போர்ட்லாந்துக்காரர் வென்றார், ஊர் போர்ட்லாந்து ஆனது. காசு வேறு பக்கம் விழுந்திருந்தால் இன்று அமெரிக்காவின் இரண்டு கரைகளிலும் ஆளுக்கொரு பாஸ்டன் இருந்திருக்கும்.

சரி, இதனால் உங்களுக்கு என்ன? முதலில் விமான டிக்கெட். ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பி, கனடா சிட்னியில் போய் இறங்கியவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். 2002-இலும் 2017-இலும் அது செய்தியாகவே வந்தது. ஆகவே பதிவு செய்யும்போது ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலிய சிட்னி எஸ்ஒய்டி. கனடா சிட்னி ஒய்க்யுஒய். கனடாவின் பெரும்பாலான விமான நிலையக் குறியீடுகள் ஒய் என்றே தொடங்கும், அது ஒன்றை நினைவில் வைத்தாலே பாதித் தொல்லை தீரும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பிஎச்எக்ஸ், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் பிஎச்எம். கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், நடுவில் அட்லான்டிக் பெருங்கடல்.

கனடாவுக்குள்ளேயே விழ ஒரு குழி இருக்கிறது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான். நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ். தமிழில் எழுதினால் ஒரு 'ஸ்' மட்டும் கூட. முன்னதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'செயின்ட்' என்பதைச் சுருக்காமல் முழுதாக எழுதுவார்கள், பின்னதைச் சுருக்கி எழுதுவார்கள். வேலைக்கான அழைப்புக் கடிதத்தில் இதைக் கூர்ந்து பாருங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: 'ஒன்டாரியோ, சிஏ' என்று ஒரு முகவரி முடிந்தால் அது கனடா என்று நினைத்துவிட வேண்டாம். கலிபோர்னியாவில் ஒன்டாரியோ என்று ஒரு நகரம் இருக்கிறது, அதற்குச் சொந்தமாகச் சர்வதேச விமான நிலையமும் இருக்கிறது. சிஏ என்பது கலிபோர்னியாவுக்கும் சுருக்கம், கனடாவுக்கும் சுருக்கம்.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. அவர்கள் ஆற்றின் பெயரைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். மைன் ஆற்றங்கரை பிராங்பர்ட் ஒன்று, ஓடர் ஆற்றங்கரை பிராங்பர்ட் இன்னொன்று. இரண்டாவது போலந்து எல்லையில் கிடக்கிறது. ரயில் டிக்கெட்டில் ஆற்றின் பெயரைப் பார்க்காமல் அமுக்கிவிடாதீர்கள். இந்த முறை நமக்குப் புதிதல்ல. காசி வடக்கே இருந்ததால் தெற்கே உள்ளது தென்காசி ஆனது. நம் மதுரையோடு குழம்பாமல் இருக்கக் கண்ணன் பிறந்த ஊரை வடமதுரை என்றார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலிக்கு மட்டும் எந்த அடைமொழியும் கிடைக்கவில்லை, அதனால் 'திருநெல்வேலியா, எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டுப் பிறகு அசடு வழிவது இன்றும் நடக்கிறது.

ஊர் சரியாக அமைந்த பின் தெரு. டொரான்டோவில் ஆறு நகராட்சிகளை 1998-இல் ஒன்றாக இணைத்தார்கள். ஒவ்வொன்றும் தன் தெருப் பெயர்களோடு வந்து சேர்ந்தது, அதனால் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்கள் உண்டு. அதோடு, யங் ஸ்ட்ரீட்டிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் வீட்டு எண்கள் புதிதாகத் தொடங்கும். குயின் ஸ்ட்ரீட் கிழக்கிலும் 500 உண்டு, மேற்கிலும் 500 உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் 'கிழக்கு' என்ற ஒரு சொல்லை விட்டால் வேலையையே விடலாம். இங்கிலாந்தின் லண்டனிலோ சர்ச் ரோடுகளையும் ஹை ஸ்ட்ரீட்டுகளையும் எண்ணி மாளாது. அதனால்தான் அங்கே யாரிடம் முகவரி கேட்டாலும் முதலில் போஸ்ட்கோடு சொல்கிறார்கள். ஒரு போஸ்ட்கோடு சராசரியாகப் பதினைந்து வீடுகள்வரை சுருக்கிக் காட்டிவிடும். அயர்லாந்தில் 2015 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் குறியீடே உண்டு. கனடாவில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீட்டின் முதல் எழுத்தே சேதி சொல்லும்: எம் என்றால் டொரான்டோ, என் என்றால் லண்டன் இருக்கும் தென்மேற்கு ஒன்டாரியோ, பி (B) என்றால் நோவா ஸ்கோஷியா.

இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆள் பெயர் விவகாரம் அப்படி இல்லை, அது வருடக்கணக்கில் கூடவே வரும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல். அந்த இனிஷியலை விரித்துப் பாஸ்போர்ட்டில் எழுதியதும் அது கடைசிப் பெயர் ஆகிவிடுகிறது. இங்கே ஒரு சிக்கல். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தா பெயரைச் சுமப்பவன். தாத்தா கந்தசாமி, மகன் முருகேசன், பேரனுக்குத் திரும்பவும் கந்தசாமி என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டில் மகன் பெயர் முருகேசன் கந்தசாமி. பேரன் பெயர் கந்தசாமி முருகேசன். இருவரும் ஒரே வீட்டில், ஒரே முகவரியில். எது முதற் பெயர், எது கடைசிப் பெயர் என்று தெரியாத ஒரு எழுத்தர் இரண்டையும் ஒரே ஆள் என்று முடிவு கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா முருகேசனின் கிரெடிட் கார்டு பாக்கி, மகன் கந்தசாமியின் கடன் அறிக்கையில் (யார் எவ்வளவு கடன் வாங்கி எப்படிக் கட்டினார் என்ற பதிவு) ஏறிக்கொள்ளும். வருடம் ஒரு முறையாவது உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். தெரியாத கணக்கு ஒன்று இருந்தால் எழுத்து மூலம் திருத்தக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றில் போகும்.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதற் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று அடிப்பார்கள். 'முதற் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம். அது அப்படியே ஓட்டுநர் உரிமம் வரை போகும். அப்புறம் அலுவலகத்தில் உங்களை 'ஃப்னு' என்று கூப்பிடுவார்கள், அதே பெயரில் இன்னும் பல ஃப்னுக்கள் இருப்பார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கிளம்புவதற்கு முன் நேரம் இருந்தால் இரண்டு கட்டங்களையும் நிரப்பிப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே வங்கி, பல்கலைக்கழகம், வாடகை ஒப்பந்தம், டிக்கெட் எல்லாவற்றிலும் எழுதுங்கள். 'முருகேசன்' என்பதற்கு ஆங்கிலத்தில் அழகான எழுத்துக்கூட்டல் கண்டுபிடிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான், நம் பெயர்களில் சில அதையும் தாண்டிப் பாதியில் வெட்டுப்படும். பிரிட்டனில் 2020-இலிருந்து வங்கிகள் பணம் அனுப்பும்போது பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. உங்களுக்குப் பணம் அனுப்புகிறவரிடம் வங்கிக் கணக்கில் இருக்கும் வரிசையிலேயே பெயரைச் சொல்லுங்கள்.

ஒரே பெயரால் அல்லல்படுவது நாம் மட்டும் அல்ல. கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். வியட்நாமில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நுயென். சிங், கவுர் என்று முடியும் பெயர்கள் மிக அதிகம் என்று கனடாவின் குடிவரவுத் துறை அவற்றைக் கடைசிப் பெயராக ஏற்க மறுத்துவந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு 2007-இல்தான் அதைக் கைவிட்டார்கள். வேல்ஸ்காரர்கள் ஒரு காலத்தில் நம்மைப் போலவே அப்பா பெயரைச் சேர்த்து 'ஆப் ஹைவெல்', 'ஆப் ரீஸ்' என்று எழுதினார்கள். அவை உறைந்து பவல், பிரைஸ் ஆயின. 1860 முதல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன நம்மவர்களின் பெயர்களும் இப்படி உறைந்தவைதான்: நாயுடு நைடூ ஆனது, பிள்ளை பிள்ளே, கவுண்டர் கோவெண்டர். டர்பனில் இரண்டு நைடூக்களைச் சந்தித்தால் உறவினரா என்று கேட்காதீர்கள். ஐஸ்லாந்திலோ அப்பா பெயர் முறை இன்றும் அசையாமல் நிற்கிறது, அச்சில் வந்த தொலைபேசிப் புத்தகம்கூட முதற் பெயர் வரிசையில்தான் இருந்தது. பள்ளியில் உங்கள் பெயரமைப்பை விளக்கித் தொண்டை வற்றினால் 'ஐஸ்லாந்துக்காரர்கள் போல' என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஐஸ்லாந்துக்கு இருக்கும் மரியாதை.

பெயர் ஒத்துப்போவதால் விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் ஓரமாக உட்கார வைக்கிறார்கள் என்றால், பொறுத்துப் போகத் தேவையில்லை. அமெரிக்காவில் ரிட்ரெஸ் எண் என்று ஒன்று விண்ணப்பித்து வாங்கலாம். கனடாவிலும் 2020-இலிருந்து கனடியப் பயண எண் தருகிறார்கள். டிக்கெட் போடும்போது அந்த எண்ணைக் கொடுத்தால், கண்காணிப்புப் பட்டியலில் அதே பெயரில் இருப்பவர் நீங்கள் இல்லை என்று தெரிந்துவிடும். இன்னொரு பயமும் உண்டு: கனடாவில் குழந்தைகள், முதியோரோடு வேலை செய்யப் போகும்போது காவல்துறைச் சான்று கேட்பார்கள். உங்கள் பிறந்த தேதியும் பாலினமும் ஒரு பழைய குற்றவாளியின் பதிவோடு ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள். பெயர்கூட ஒத்துப்போக வேண்டியதில்லை. அது குற்றச்சாட்டு இல்லை, போய் ரேகை வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் பிள்ளைகள். கணவன் முருகேசன் கந்தசாமி, மனைவி வசந்தி தங்கராசா, மகள் கவிதா முருகேசன். மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர்கள். நமக்கு இதில் விசித்திரம் எதுவும் இல்லை, எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு உண்டு. ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பறந்தால் பிறப்புச் சான்றிதழையும், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். இங்கே பிறக்கும் குழந்தைக்கு எந்தக் கடைசிப் பெயர் என்பதை மருத்துவமனைப் படிவம் வரும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே கடைசிப் பெயர் இருந்தால் பயணத்துக்கு வசதிதான். ஆனால் அப்படிச் செய்தால் பிள்ளைக்கு அப்பா பெயர் இல்லாமல் தாத்தா பெயர் ஒட்டிக்கொள்ளும். எனக்கு மனசு ஒப்பவில்லை, நாங்கள் மூன்று பெயர்களோடுதான் ஓட்டுகிறோம். எதை எடுத்தாலும் இரண்டாவது பிள்ளைக்கும் அதையே எடுங்கள்.

கடைசியாக, மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் இடத்தில் நடப்பது. முதல் தடவை நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா பெயரை யாரோ மூன்று முறை கூப்பிட்டார்கள். அப்பா ஊரில் இருக்கிறார், இவர் வேறு யாரோ என்று நினைத்து நானும் மற்றவர்களைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்தேன். அப்பா பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போங்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.