கீசரைத் தவறாக மாட்டிவிட்டார்களா? அதற்குப் பிறகு செய்யக்கூடாதவை

தென்மேற்குப் பருவமழை தேவாலாவிலும் பந்தலூரிலும் இறங்கிவிட்டால், நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் வெந்நீர் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அந்த அவசரத்தில்தான் பலரும் கீசர் வாங்குகிறார்கள். கூடலூரிலோ எல்லை தாண்டி கேரளத்தின் சுல்தான் பத்தேரியிலோ விலை விசாரித்து வாங்கி, வீட்டில் வேறு வேலைக்கு வந்த பிளம்பரையே மாட்டச் சொல்கிறார்கள். மின் இணைப்பைக் கொடுப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்று அந்த வேலையைப் பார்ப்பதே இல்லை.

நான் இந்தப் பகுதியில் வயரிங் வேலை செய்பவன். தவறாக மாட்டிய கீசரைத் திருத்தப் போகும் வீடுகளில், மாட்டியவர் செய்த தவறைவிட, வீட்டார் அதன் மேல் செய்துகொண்ட ஒட்டுவேலைதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. கோளாறு உள்ள கீசர் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவித்துவிடும். சொட்டும், லேசாக ஷாக் அடிக்கும், மின்சுமை கூடினால் தானாக விழும் ஸ்விட்சான எம்.சி.பி.யை விழ வைக்கும். அந்தத் தொந்தரவு நின்றால் போதும் என்று நினைத்து, காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறோம்.

முதலில் சொட்டும் வால்வு. கீசருக்குள் குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் பித்தளையில் சிறிய பாதுகாப்பு வால்வு ஒன்று இருக்கும். அதன் பக்கவாட்டில் உள்ள துளையிலிருந்து நீர் சொட்டுகிறது என்று, அந்தத் துளையில் எண்ட் கேப் போட்டு அடைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எம்-சீல் வைத்துப் பூசியவர்களும் உண்டு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 20 டிகிரியில் இருக்கும் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் பருமன் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். 25 லிட்டர் கீசரில் அது அரை லிட்டர். பாதுகாப்பு வால்வு நீரைப் பின்னோக்கிப் போகவிடாது, குழாயும் மூடியிருக்கிறது என்றால், அந்த அரை லிட்டர் வெளியேறப் பக்கத்துளை ஒன்றுதான் வழி. அதையும் அடைத்துவிட்டால் அழுத்தம் முழுவதும் தொட்டியின் வெல்டிங் மேல் ஏறும். அதே நாளில் தெர்மோஸ்டாட்டும் வெப்பத் துண்டிப்பானும் பழுதானால், உள்ளே நீர் 100 டிகிரியைக் கடந்தும் ஆவியாகாமல் அழுத்தத்தில் கிடக்கும். தொட்டி பிளக்கும் நொடியில் அதில் ஒரு பகுதி ஒரேயடியாக ஆவியாகும். 1 லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் பிடிக்கும். கீசர் வெடித்துச் சுவரே பெயர்ந்தது என்று கேள்விப்படுகிறோமே, அதன் பின்னால் இருப்பது இதுதான்.

சூடேறும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். துளையில் ஒரு குழாயை மாட்டித் தரைவடிகாலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதன் மறுமுனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கீசரை அணைத்த பிறகும் இடைவிடாமல் சொட்டினால்தான் கவனிக்க வேண்டும். வால்வுக்குள் மண் சிக்கியிருக்கலாம், அல்லது குழாயில் வரும் அழுத்தமே அதிகமாக இருக்கலாம்.

இந்த இரண்டாவது காரணம் நம் மலைப்பகுதியில் அதிகம். சமவெளியில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீசருக்கு இறங்கும் நீரின் உயரம் பெரும்பாலும் சில மீட்டர்தான். இங்கேயோ, மேட்டில் இருக்கும் ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் போட்டு நேராக வீட்டுக்குள் நீரைக் கொண்டுவருகிறோம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஊற்று வீட்டைவிட 70 மீட்டர் உயரத்தில் இருந்தால், இரவில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது கீசர் மேல் 7 பார் நிற்கும். பல கீசர்களின் தாங்குதிறன் 8 பார்தான். சிலவற்றில் அதைவிடக் குறைவு. பெயர்த்தகட்டில் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். மழைக்காலத்தில் அந்த ஹோஸில் வரும் கலங்கல் நீரும் மணலும் வால்வு பொருந்தி மூடும் இடத்தைக் கெடுத்துவிடும். நான் எல்லோரிடமும் சொல்வது, ஊற்று நீரை முதலில் மிதவை வால்வு வைத்த ஒரு தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து கீசருக்குக் கொடுங்கள் என்பதுதான். அழுத்தமும் தணியும், மண்ணும் அடியில் தங்கும். தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் அழுத்தம் குறைக்கும் வால்வையும் வடிகட்டியையும் வாங்கிப் போடலாம். கீசருக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் நடுவே மட்டும் எந்தக் கேட் வால்வும் வரக்கூடாது.

அடுத்தது ஷாக். குழாயைத் தொட்டால் ‘சுர்’ என்கிறது என்பார்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு குளிக்கிறோம் என்று அதே மூச்சில் சொல்வார்கள். மரப்பலகை மேல் நின்று குளிக்கும் முதியவர்களைக்கூடக் கண்டிருக்கிறேன். மனது பதறுகிறது. ஈர உடம்பின் மின்தடை மிகக் குறைவு. இன்று ‘சுர்’ என்பது, ஹீட்டர் உறை விரிசல் விட்ட நாளில் உயிரை எடுத்துவிடும்.

இங்கே எர்த் கெடுவதற்குச் சில காரணங்கள் உண்டு. பழைய தோட்டக் குடியிருப்புகளில் இரும்புக் குழாயையே எர்த்தாக வைத்திருந்தார்கள். பிறகு குழாய் துருப்பிடித்ததும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றினார்கள். அத்தோடு எர்த்தும் போனது, ஆனால் பிளக்கில் மூன்று ஊசி இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்னொன்று, ஜூலையில் சேறாக இருக்கும் எர்த் குழி பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து, மின்தடை பல மடங்கு ஏறிவிடும். அதனால் எர்த்தை அளக்கச் சரியான காலம் கோடைதான்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது, எர்த் இல்லை என்று தெரிந்தும் பிளக் பாயிண்டின் எர்த் ஊசியை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவது. டெஸ்ட் விளக்கு எரியும், வேலை முடிந்ததாகத் தோன்றும். மழையில் மரம் விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால், வீட்டில் ஓடும் பிற சாதனங்கள் வழியாக மின்சாரம் அந்த நியூட்ரலுக்கு வந்து, கீசரின் உடல் முழுவதும் ஏறி நிற்கும். ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி எலக்ட்ரீசியனிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அது அடிக்கடி விழுகிறது என்று நேரடி இணைப்பு கொடுப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அது விழுகிறது என்றாலே எங்கோ மின்கசிவு இருக்கிறது.

எம்.சி.பி. விஷயமும் இப்படித்தான். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும், 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 3,000 வாட்டுக்கு 4. பலர் விளக்கு ஒயரிலிருந்தே இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சுமை கூடி எம்.சி.பி. விழுகிறது என்றால், 16-ஐக் கழற்றி 32 போட்டுவிடுகிறார்கள். எம்.சி.பி. காப்பது கீசரை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. பெரிய எம்.சி.பி. போட்டபின் விழ வேண்டியது விழாது, ஒயர் உருகும். பிளக்கின் ஊசி கறுத்திருந்தால் பிளக்கை மட்டும் மாற்றாமல் சாக்கெட்டையும் மாற்றுங்கள்.

நீர் போதிய அளவு சூடாகவில்லை என்ற புகாரில் இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வோல்டேஜ் குறைவு. 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் 2,000 வாட் கீசர் சுமார் 1,200 வாட்டாகத்தான் வேலை செய்யும். அதில் மாட்டியவர் மேல் குற்றமில்லை. மற்றொன்று, குழாய்களை மாற்றி இணைத்திருப்பது. நீலம் உள்வழி, சிவப்பு வெளிவழி. வெளிவழிக் குழாய் தொட்டிக்குள் உச்சிவரை ஏறிப் போகும், ஏனென்றால் வெந்நீர் மேலேதான் நிற்கும். மாற்றி இணைத்தால் ஒரு குவளை வெந்நீருக்குப் பின் வெதுவெதுப்புதான் வரும். அதோடு தொட்டியின் அடியிலிருந்து நீர் வடிந்து, ஹீட்டர் வெறும் காற்றில் எரிந்துபோகவும் வழியுண்டு. இதை அறியாமல் தெர்மோஸ்டாட்டை உச்சத்துக்குத் திருப்பி வைக்காதீர்கள். வெந்நீர்க் குழாயில் சாதாரண பி.வி.சி. போட்டிருந்தால் அதையும் வெப்பம் தாங்கும் சி.பி.வி.சி.யாக மாற்றுங்கள். பி.வி.சி. வெப்பத்தில் இளகிவிடும்.

சுவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான். 25 லிட்டர் கீசர் நீரோடு 35 கிலோவைத் தாண்டும். ஹாலோ பிளாக்கிலும் வெட்டுக்கல்லிலும் சாதாரணத் திருகு நிற்காது. சாய்ந்துவிட்டால் கம்பியால் இழுத்துக் கட்டாமல், நீரை வடித்து இறக்கிவிடுங்கள்.

கேஸ் கீசர் மட்டும் எந்த அறிகுறியும் காட்டாது. குளியலறைக்குள் மாட்டியிருந்தால், குளிருக்காக ஜன்னலையும் அடைத்திருந்தால், எரிவதற்குப் போதிய காற்று கிடைக்காமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் கேஸுக்கு மணம் சேர்த்திருக்கிறார்கள், இதற்கு மணமே கிடையாது. குளிக்கும்போது தலைவலி, தலைச்சுற்றல், கால் தளர்ச்சி என்றால் வெறும் வயிறு என்றும் ரத்த அழுத்தம் என்றும் நினைத்துவிடுகிறார்கள். ஒரு காற்றுத்துளை போட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. கருவியைக் கழற்றி வெளிச்சுவரில் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றும்வரை அதைப் பயன்படுத்தவே கூடாது. குளியலறையில் யாராவது மயங்கி விழுந்தால், உள்ளே நுழைபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலில் கதவையும் ஜன்னலையும் திறக்கட்டும், உடனே அவரை வெளியே தூக்கி வரட்டும். விறகு பாய்லரைக் குழாயோடு இணைத்திருப்பவர்கள், ஆவி போகும் திறந்த குழாயை யாரும் மூடிவிடவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திருத்தும் முன் படம் எடுங்கள். இது பலரும் தவறவிடும் காரியம். வால்வு, பிளக், ஒயர், சுவர், பெயர்த்தகடு எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டு, கடைக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் அனுப்புங்கள். தொலைபேசியில் திட்டியதற்குச் சான்று இல்லை. கேரளத்தில் வாங்கியதால் அங்கேதான் அலைய வேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பத்தேரியில் வாங்கிய கீசருக்கு நீலகிரியில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்துகொள்ளலாம். கூலி கொடுத்து மாட்டச் சொன்ன வேலையும் சட்டத்தின் பார்வையில் சேவைதான். அதனால் மாட்டியவரிடமும் ஒரு ரசீது கேட்டு வாங்குங்கள். கழற்றிய வால்வையும் கருகிய பிளக்கையும் குப்பையில் போடாமல், தேதி எழுதி ஒரு பையில் எடுத்து வையுங்கள்.