உப்புக் காற்றில் பழைய லேப்டாப்: கழுவி, காயவைத்து, ஓடவைப்பது எப்படி

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் பீரோ மேலே லேப்டாப் கிடக்காத வீடு குறைவு. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கி வந்தது ஒன்று, வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த திங்க்பேட் ஒன்று. "ரொம்ப ஸ்லோ", "ஆன் ஆகல" என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். இந்தக் கரையில் வயதைவிட உப்புதான் இவற்றை அதிகம் கெடுக்கிறது. அதனால் வேலையை உப்பிலிருந்து தொடங்க வேண்டும். பலரும் முதலில் புது விண்டோஸ் போட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே பச்சை பூத்த போர்டு (சிப்புகள் பதிந்த மதர்போர்டு) அப்படியே இருக்கும்போது எதைப் போட்டாலும் நிலைக்காது.

உப்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கடல் காற்றில் வரும் உப்பு, தூசியோடு சேர்ந்து ஃபேன் வழியாக உள்ளே போய் போர்டில் படிகிறது. உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தீங்கில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலமாகிவிடும். நம் பக்கம் இரவு நேரத்திலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் இது சர்வசாதாரணம். அந்தப் படலத்தின் மேல் மின்னழுத்தமும் இருந்தால் செம்பு அரித்துப் பச்சைப் பொடியாகும், ஒரு பின்னிலிருந்து பக்கத்துப் பின்னுக்குக் கரண்ட் கசியும். பேட்டரி மாட்டியிருந்தால், ஆஃப் செய்த லேப்டாப்பிலும் சில இணைப்புகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். தினமும் ஓடுகிற மெஷின் உள்ளே சூடாக இருப்பதால் ஈரம் தங்காது. பேட்டரியோடு மூலையில் கிடக்கும் மெஷின்தான் முதலில் போகும்.

எதைக் காப்பாற்றுவது

2006-க்குப் பிறகு வந்த கோர் 2 டுவோ, அதற்கு மேற்பட்ட 64-பிட் பிராசஸர், 4 ஜிபி ரேம் ஏற்கும் போர்டு: இவை இருந்தால் இன்றைய இணையத்துக்கும் சமாளிக்கலாம். 2011 வாக்கில் வந்த இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, ஐ5 என்றால் தயங்கவே வேண்டாம். பென்டியம் எம், ஆட்டம் என்270 போன்ற 32-பிட் மெஷின்களை டைப்பிங், மீன் ஏலக் கணக்கு, பாட்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் யூடியூப் பார்க்க முயல்வது நேர விரயம்.

திறக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, தட்டையான தரையில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, கைவைக்கும் இடம் மேலெழும்பி டச்பேட் அமுங்காமல் இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதைச் சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, அமுக்கி உள்ளே தள்ளவும் கூடாது. மண் நிரப்பிய வாளியில் வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

ஸ்டார் முனை ஸ்க்ரூடிரைவர் இரண்டு (பிஎச்0, பிஎச்00), பிளாஸ்டிக் நெம்பி, மெல்லிய நார் கொண்ட டூத்பிரஷ், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர், ஒரு சிறிய டியூப் தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க் எனும் உலோகத் துடுப்புக்குக் கடத்துவது), சிஆர்2032 செல் (தேதியைக் காக்கும் காசு வடிவ சிமாஸ் செல்), ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கால் கிலோ. ஆல்கஹால் செல்போன் பழுதுபார்ப்பவர்களிடம் கிடைக்கும். கைக்குப் போடும் சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும். ஆசிட் கேனை மாற்றி வாங்கிவிடாதீர்கள். போர்வெல் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கூடவே கூடாது. நம் ஊர்த் தண்ணீரில் இருக்கும் உப்பே போதும் இன்னொரு படலம் விட.

உப்பைக் கழுவுவது

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மட்டும் ஊற்றித் தேய்த்தால் பிசுக்கு போகும், உப்பு போகாது. சமையல் உப்பு அதில் ஏறக்குறைய கரைவதே இல்லை. உப்பைக் கரைப்பது தண்ணீர், அந்தத் தண்ணீரை வெளியேற்றுவது ஆல்கஹால். இரண்டும் வேண்டும், இந்த வரிசையில்தான் வேண்டும்.

அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 15 விநாடி அமுக்கிப் பிடியுங்கள். ஒரு தெர்மாகோல் துண்டில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஓட்டையில் எடுத்த ஸ்க்ரூவோ அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முடுக்கினால் மேல்மூடியைத் துளைக்கும், போர்டையும் துளைக்கலாம். துருப்பிடித்த ஸ்க்ரூவை முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்து, ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திக்கொண்டு திருப்புங்கள். தலை மழுங்கிவிட்டால் நடுவே ஒரு ரப்பர் பேண்டை வைத்துத் திருப்பினால் பிடி கிடைக்கும்.

ரேம், டிஸ்க், வைஃபை கார்டு, சிமாஸ் செல், ஃபேன், ஹீட்சிங்க், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் போர்டிலிருந்து பிரித்துவிட வேண்டும். டிஸ்ப்ளேயையும் கீபோர்டையும் தண்ணீரில் காட்டவே கூடாது. வெறும் போர்டைச் சாய்த்துப் பிடித்து, டூத்பிரஷை டிஸ்டில்டு வாட்டரில் தோய்த்து மெதுவாகத் தேய்த்து, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். சார்ஜர் ஜாக், யுஎஸ்பி வாய், ரேம் சாக்கெட், கீபோர்டு கனெக்டர் ஆகிய நான்கு இடங்களிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூத்த இடத்தை மட்டும் இரண்டாவது முறை தேய்த்தால் போதும். உடனே, ஈரம் காய்வதற்குள், ஆல்கஹாலைத் தாராளமாக ஊற்றி அலசுங்கள். பெரிய சிப்புகளுக்கு அடியில் சிறிய ஈய உருண்டைகளுக்கு இடையே தண்ணீர் தங்கும். அதை வெளியே தள்ளத்தான் இந்தத் தாராளம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பும் விளக்கும் வேண்டாம்.

பிறகு ஃபேன் காற்றில் 24 மணி நேரம். மழை நாளென்றால், மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள். காய்ந்ததா என்ற சந்தேகத்தோடு பவர் கொடுக்காதீர்கள். அரிசி மூட்டையில் புதைப்பதால் பயனில்லை. தவிட்டுத் தூசி சாக்கெட்டுக்குள் போவதுதான் மிச்சம்.

ரேமின் தங்கநிறப் பட்டையை வெள்ளை அழிரப்பரால் ஒருமுறை லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் போடுங்கள். "ஆன் ஆகுது, டிஸ்ப்ளே வரல, பீப் சத்தம் வருது" என்ற புகாரில் பல இதிலேயே சரியாகிவிடும்.

1990-களின் லேப்டாப் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றில் நிக்கல் வகை துணை பேட்டரி போர்டில் இருக்கும். அது ஒழுகியிருந்தால் வெளிவருவது காரம். முதலில் வெள்ளை வினிகர் தொட்டு அதை முறித்துவிட்டு, பிறகு மேலே சொன்ன இரண்டு அலசல். பழைய டிஸ்ப்ளேக்களில் எல்இடிக்குப் பதிலாகக் குழல்விளக்கு இருக்கும். அதை எரியவைக்கும் சின்ன இன்வெர்ட்டர் போர்டில் பல நூறு வோல்ட் ஓடும். உப்புப் படலம் உள்ளபோது அங்கே பொறி பறக்கும், ஓடும்போது கை வைக்காதீர்கள்.

ஃபேனும் பேஸ்ட்டும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் உள்ளே புகும். ஹீட்சிங்க் துடுப்புகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே மணலும் நூலும் கம்பளி விரித்ததுபோல் அடைந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் இது போகாது, ஃபேனைக் கழற்றி உருவி எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் அதன் பேரிங் தேயும். சத்தம் போடும் ஃபேனுக்கு, நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்துத் தையல் மிஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு. காய்ந்த பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, பிராசஸர் நடுவில் பாதி மிளகு அளவு புதிது வைத்து, ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை அதில் போட்டிருக்கும் எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். மெத்தை போன்ற தெர்மல் பேட் ஒட்டியிருந்த இடத்தில் பேஸ்ட் தடவக் கூடாது, அங்கே இருக்கும் இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

கரண்ட்

அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். லோ வோல்டேஜால் பயமில்லை. கரண்ட் போய்த் திரும்பும்போது வரும் அடிதான் ஆபத்து. போனவுடன் சுவிட்சை அணைத்து, வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். வேறு அடாப்டர் வாங்கினால் வோல்ட் பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பல திங்க்பேடுகளுக்கு 20 வோல்ட், ஏசர் பலவற்றுக்கு 19 வோல்ட். டெல் அடாப்டரின் முனை நடுவில் மெல்லிய பின் உண்டு, அது வழியாக லேப்டாப் அடாப்டரை அடையாளம் காணும். அந்தப் பின் அரித்துவிட்டால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறைந்துவிடும். இதை போர்டு பழுது என்று எண்ணிப் பணம் செலவழிப்பவர்கள் உண்டு. முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.

சிமாஸ் செல்லைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி பிரவுசர் பெரும்பாலான தளங்களைத் திறக்காது. "நெட் வேலை செய்யல" என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஸ்க், ரேம்

வேகத்துக்குச் செய்யும் ஒரே செலவு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) என்றால் அதுவே போதும். 2.5 இன்ச் சாட்டா, 240 ஜிபி. பழைய சாட்டா வாயின் வேகம் குறைவுதான், ஆனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் வேறு மெஷின் மாதிரி இருக்கும். புதிய எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன், பழைய இடம் 9.5 மிமீ, இடையில் பிளாஸ்டிக் சட்டம் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கனெக்டர் ஆடும். சாட்டாவுக்கு முந்தைய 44 பின் ஐடிஇ இணைப்புள்ள மெஷின் என்றால் எம்சாட்டா எஸ்எஸ்டியும் அதற்கான மாற்றுக்கூடும் வாங்க வேண்டும். என்விஎம்இ எனும் புதுவகை எஸ்எஸ்டி அதில் வேலை செய்யாது. பழைய டிஸ்க்கில் கல்யாண போட்டோ இருந்தால், டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5-ஆம், 197-ஆம் வரிகளின் மதிப்பு (கெட்டுப்போன இடங்களின் எண்ணிக்கை) பூச்சியமா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் நகல் எடுங்கள்.

ரேம் வாங்கும்போது டிடிஆர்2-வா 3-ஆ என்று பழைய சிப்பைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உள்ளூரில் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம்.

எதைப் போடுவது

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, கோர் 2 டுவோவில் இல்லாத ஒரு கட்டளை பிராசஸரில் இருந்தே ஆக வேண்டும். தில்லுமுல்லு செய்தாலும் பூட் ஆகாது. ஆகவே லினக்ஸ் எனும் இலவச இயங்குதளம்தான். 64-பிட், 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபி என்றால் டெபியன் லினக்ஸோடு எல்எக்ஸ்கியூடி எனும் இலகுவான டெஸ்க்டாப், கூடவே ரேமில் பாதி அளவுக்கு இசட்ரேம் (தரவைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும் வசதி). 32-பிட் மெஷினுக்கு டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் 23 எனும் இன்னொரு லினக்ஸ். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது. பயர்பாக்ஸும் 32-பிட் லினக்ஸை 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. அந்த மெஷின்களில் வங்கி வேலை வேண்டாம் என்பதற்கு இது போதுமான காரணம்.

பென்டிரைவை வென்டாய் எனும் மென்பொருளில் தயார் செய்தால் பழைய பயாஸிலும் (மெஷினை முதலில் எழுப்பும் உள்மென்பொருள்) பூட் ஆகும். பூட் ஆகாத பிடிவாத மெஷினுக்கு, வென்டாயில் எம்பிஆர் எனும் பழைய பகிர்வு முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வைஃபை கார்டை மாற்ற நினைத்தால், பல திங்க்பேட், எச்பி மாடல்களின் பயாஸ் அறியாத கார்டை ஏற்காமல் பூட்டையே நிறுத்திவிடும். போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுவது எளிது, டிரைவர் எதுவும் வேண்டாம். யூடியூப் திணறினால் பழைய மெஷினுக்கு எளிதான வீடியோ வகையையே கேட்டு வாங்கும் எச்264இஃபை நீட்சியைப் பிரவுசரில் சேர்த்து, வீடியோ தரத்தை 480-இல் வையுங்கள். தமிழ் டைப் செய்ய ஐபஸ், எம்17என் எனும் இரண்டு மென்பொருள்களையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

வைக்கும் இடம்

கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் மேசை போடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடட்டும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் முக்கால் மணி நேரம் பையிலேயே இருக்கட்டும், பிறகு திறங்கள். குளிர்ந்த போர்டில் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும். பல மாதம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியாக வையுங்கள். லேப்டாப்பை ரப்பர் வளையம் வைத்த மூடி டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு பூட்டி, உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானியும் போட்டுவிடுங்கள். முள் 50-ஐத் தாண்டினாலோ, நிறம் காட்டும் ஜெல் நிறம் மாறினாலோ, ஜெல்லை 110 முதல் 120 டிகிரியில் ஓவனில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஆறியபின் திரும்பப் போடலாம். நீல ஜெல்லில் கோபால்ட் இருக்கும். அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள், குழந்தை கைக்கு எட்டவும் விடாதீர்கள்.