வெள்ளம் வந்த வழியே ஒரு நடை: நடத்துவது எப்படி?

வெள்ள வரலாற்றை ஊராருக்குச் சொல்ல அரங்கில் உட்காரவைத்துப் படம் காட்டுவதைவிட, தண்ணீர் வந்த வழியே கூட்டிக்கொண்டு நடப்பதுதான் நல்லது. முதலில் பழைய வரைபடத்தை இன்றையதன் மேல் வைத்துப் பாருங்கள். ஓடை இருந்த இடத்தில் தெரு வந்திருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அப்புறம் நீர்மட்டம். இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் 1966 நவம்பர் வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவர்களிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படிக் குறி இல்லையா, பதிவேட்டில் உள்ள உயரத்தில் ஒரு நீல ரிப்பனை ஒட்டிவிடுங்கள், ஆட்கள் அண்ணாந்து பார்த்துப் பேச்சை நிறுத்துவார்கள்.

காரணத்தை மழையோடு முடித்துவிடாதீர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனில் 1889-இல் 2,209 பேர் இறந்ததற்கு மழை மட்டுமா காரணம்? மேலே பணக்காரர்களின் கிளப் ஒன்று அணையின் உச்சியைத் தாழ்த்தி, மீன் தப்பிவிடக் கூடாதென்று (ஆமாம், மீனுக்காக!) உபரிநீர் வழியில் கம்பித் தடுப்பும் போட்டிருந்தது, அதில் குப்பை அடைத்துக்கொண்டது, அணை உடைந்தது.

வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களிடம் முன்பே பேசிச் சம்மதம் வாங்குங்கள், திடீரென்று மைக்கை நீட்ட வேண்டாம். இருபது பேர் போதும், அதற்கு மேல் பின்னால் வருபவர்களுக்குக் கேட்காது.