லண்டனில் பி.ஆர். படிக்கப் போகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு

மக்கள் தொடர்புத் துறை (பி.ஆர்.) படிக்க லண்டன் போகிறோம் என்றால் ஊரில் ஆலோசனைக்குக் குறைவிருக்காது. குளிருக்கு என்ன உடுப்பு, மிளகாய்த்தூள் எத்தனை கிலோ என்று எல்லாரும் சொல்வார்கள். அலுவலகத்தில் என்ன எதிர்பார்ப்பார்கள், வேலைப் பயிற்சி முடிந்ததும் பல்கலைக்கழகம் கேட்கும் அனுபவ அறிக்கையை எப்படி எழுதுவது என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது. இந்தக் குறிப்பு பெரும்பாலும் அதைப் பற்றியது. ஆனால் பயணத்துக்கு முன்னமே பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் சில இருப்பதால் முதலில் அவை.

புறப்படுவதற்கு முன்

விசாவுக்குக் காட்டும் காசு 28 நாள் தொடர்ச்சியாக வங்கியில் இருக்கவேண்டும். ஒரு நாள் மீதி குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வங்கிக் கூற்றின் கடைசித் திகதி விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் வரவேண்டும். நம் ஊரில் அடிக்கடி நடப்பது, கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் சித்தப்பா “என்ர எக்கவுண்டில காசு கிடக்குது, அதைக் காட்டு” என்று சொல்வது. அது செல்லாது. காசு பிள்ளையின் பெயரிலோ பெற்றோரின் பெயரிலோ இருக்கவேண்டும். பெற்றோரின் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் சேரவேண்டும். சித்தப்பா தரட்டும், ஆனால் நேரகாலத்தோடு அப்பாவின் கணக்குக்கு மாற்றிவிடட்டும். எவ்வளவு காட்டவேண்டும் என்பது லண்டனுக்கு ஒரு தொகை, வெளியே வேறு தொகை. இரண்டும் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தைப் பாருங்கள். போன வருடம் போன பிள்ளையின் கணக்கை நம்பவேண்டாம்.

காசநோய்ப் பரிசோதனையைக் கொழும்பில் ஐ.ஓ.எம். (சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு) நிலையத்தில் செய்யவேண்டும். சான்றிதழ் 6 மாதம் செல்லும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை முடிவுக்கு இரண்டு மாதமளவு காத்திருக்க நேரும். அதனால் இதைக் கடைசிக்கு விடக்கூடாது. பிரித்தானிய அரச மருத்துவ சேவைக்கான கட்டணம் மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்ட்ஸ் என 2024இல் உயர்ந்தது. அதையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கட்டவேண்டும்.

வேலை நேரம் பற்றி எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம். வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சராசரி பார்க்க முடியாது. பி.ஆர். மாணவர்களுக்கென்றே இன்னொரு பொறி உண்டு. ஈஸ்ட் ஹாமிலோ ஹரோவிலோ கடை வைத்திருக்கும் ஒரு அண்ணர், “எங்கட பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துத் தா, மாதாமாதம் காசு தாறன்” என்பார். சம்பளப் பட்டியலில் சேர்க்காமல் பில் எழுதிக் காசு வாங்கினால் அது சுயதொழில். மாணவர் விசாவில் சுயதொழில் தடை, மணித்தியாலம் குறைவென்றாலும் தடைதான். பாடநெறியின் பகுதியாகப் புள்ளியிடப்படும் பயிற்சி மட்டும் அந்த 20க்குள் எண்ணப்படாது. அப்படியான பயிற்சிதானா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள்.

வாடகை அறைக்கு முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டு கட்டாயம். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தால் இங்கிலாந்தின் முற்பணப் பாதுகாப்புத் திட்டம் உங்களுக்கு உதவாது. “நம்ம ஊர் ஆள்தானே” என்று சீட்டில்லாமல் கொடுத்த காசுதான் பிறகு வாய்த்தர்க்கமாகிறது.

முதல் பத்திரிகை அறிக்கை

பயிற்சியின் முதல் வாரத்திலேயே ஒரு அறிக்கை எழுதச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் வாசித்து வளர்ந்த நிகழ்வுச் செய்தி கைக்குள் வந்து நிற்கும்: “மங்கல விளக்கேற்றலுடன் ஆரம்பமான இந்நிகழ்வில் பிரதம விருந்தினராக இன்னாரும் சிறப்பு விருந்தினராக இன்னாரும் கௌரவ விருந்தினராக இன்னாரும் கலந்து சிறப்பித்தனர்.” நம் ஊரில் இதற்குக் காரணம் உண்டு. பெயர் விட்டுப்போனால் அடுத்த நிகழ்வுக்கு அவர் வரமாட்டார். லண்டன் பத்திரிகை ஆசிரியர் முதல் வரியில் செய்தியைக் கண்டால்தான் இரண்டாம் வரிக்குப் போவார்.

ஒரு தமிழ் வாசிகசாலை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி இப்படி இருக்கலாம்: “தமிழ், ஆங்கிலச் சிறுவர் நூல்களை இலவசமாக இரவல் தரும் வாசிகசாலை சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஈஸ்ட் ஹாமில் திறக்கப்படுகிறது.” என்ன, எங்கே, எப்போது எல்லாம் வந்துவிட்டது. இரண்டாம் பந்தியில் ஏன் இப்போது, அந்தப் பகுதிப் பெற்றோருக்கு அதனால் என்ன பயன். மூன்றாவதில் பொறுப்பானவரின் கூற்று. அந்தக் கூற்று மனிதர் வாயால் வரக்கூடியதாக இருக்கட்டும். “பெருமகிழ்ச்சி அடைகிறோம்” என்று தொடங்கும் கூற்றை ஆசிரியர்கள் முதலில் வெட்டுவார்கள். திறந்து வைப்பவர் பெயர் நாலாம் பந்திக்குப் போதும். 300 முதல் 400 சொல்லுக்குள் முடித்து, முடிந்தது என்பதற்கு “எண்ட்ஸ்” என்று தனி வரியில் போட்டு, அதன் கீழே ஆசிரியருக்கான குறிப்புகள்: நிறுவனம் பற்றி இரண்டு வரி, அழைத்தால் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம்.

அறிக்கையை இணைப்பாக அனுப்பாமல் மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். ஆசிரியர் அதைக் கைபேசியில்தான் பார்ப்பார். படத்தின் சிறிய பிரதி ஒன்றை இணைத்து, பெரிய பிரதியை இறக்கிக்கொள்ள இணைய இணைப்பு கொடுங்கள். படக்குறிப்பில் இடமிருந்து வலமாகப் பெயர்கள், எடுத்தவர் பெயர். சிறுவர் முகம் இருந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கையில் இருக்கவேண்டும். படமெடுத்து முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சம்மதம் தேடுவது பெரும்பாடு.

அறிக்கை இன்ன நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது என்றால் அது எம்பார்கோ. இங்கே நேர வித்தியாசம் காலை வாரும். “00.01” என்று மட்டும் போடாமல் எந்த நாட்டு நேரம் என்று எழுதுங்கள். லண்டனில் ஜனவரியில் 00.01 என்றால் யாழ்ப்பாணத்தில் காலை 5.31, ஜூலையில் 4.31. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே மணிக்கூடு மாறும், இங்கே மாறாது. இரண்டு கணக்கின்படியும் அந்த நேரத்துக்கு யாழ்ப்பாணத்துக் காலைப் பத்திரிகை அச்சாகி முடிந்திருக்கும். ஆகவே லண்டன் செய்தியை உதயனுக்கோ வலம்புரிக்கோ சேர்த்து அனுப்பினால், ஒன்றில் அவர்கள் ஒரு நாள் பிந்துவார்கள், அல்லது எம்பார்கோவை மீறுவார்கள். எம்பார்கோவை முதல்நாள் மாலை என்று வைக்க வாடிக்கையாளர் சம்மதிப்பாரா என்று முன்கூட்டியே கேட்பதுதான் வழி.

முகவரிப் பட்டியலில் இருக்கும் ஊடகவியலாளர் பெயரும் மின்னஞ்சலும் அங்கே சட்டப்படி தனிநபர் தரவு. எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலைச் சி.சி.யில் போட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிந்துவிடும். பயிற்சி முடிந்து போகும்போது பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டு போவதும் குற்றம். வெளிவந்த பத்திரிகைத் துண்டை ஸ்கான் செய்து வாடிக்கையாளரின் பக்கத்தில் போடுவதற்கும் உரிமம் வேண்டும். இணைப்பைப் பகிர்ந்தால் போதும்.

செய்தி வந்த இடத்தின் அளவைப் பார்த்து, “இதே இடத்துக்கு விளம்பரம் போட்டால் இவ்வளவு பவுண்ட்ஸ்” என்று கணக்குக் காட்டும் பழக்கத்தை பி.ஆர். வேலையின் பலனை அளப்பதற்கென 2010இல் வந்த பார்சலோனாக் கோட்பாடுகள் ஏற்கவில்லை. பரீட்சையில் இது வரும், வேலைத்தலத்திலும் கேட்பார்கள். வாசிகசாலைக்கு எத்தனை பிள்ளைகள் பெயர் பதிந்தார்கள் என்பதே காட்டவேண்டிய கணக்கு.

எந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறோம் என்ற கேள்வியையும் விடக்கூடாது. தென்னாபிரிக்காவில் இனப்பகையைக் கிளறும் பிரசாரம் நடத்தியதற்காக 2017இல் லண்டனின் பெரிய பி.ஆர். நிறுவனமான பெல் பொட்டிங்கரைப் பிரித்தானியத் தொழில்சார் அமைப்பான பி.ஆர்.சி.ஏ. வெளியேற்றியது. சில நாட்களில் நிறுவனமே நொடித்தது. இனத்தை வைத்து எழுதப்படும் ஒரு வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கூட்டத்தில் அதை எடுத்துச் சொல்லும் தகுதி உங்களுக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

அலுவலகப் பழக்கங்கள்

“சேர்”, “மடம்” வேண்டாம். இயக்குநரையும் முதற்பெயரால்தான் கூப்பிடுவார்கள். முதல் இரண்டு வாரம் நாக்குத் திரும்பாது, பிறகு பழகிவிடும். பெயரைத் தவிர்த்து “எக்ஸ்கியூஸ் மீ” என்று சுற்றிவளைத்தால்தான் விலகி நிற்பதாக எடுப்பார்கள். உங்கள் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னால், மின்னஞ்சலில் பின்னால், லிங்டினில் முதலெழுத்து மட்டும் என்றிருந்தால் சம்பளப் பகுதிக்கும் குழப்பம், உங்களைத் தேடும் ஊடகவியலாளருக்கும் குழப்பம்.

பெரியவர் ஒன்று கேட்டால் “ஓம், செய்யலாம்” என்பது நம் வளர்ப்பு. முடியாது என்று தெரிந்தும் ஓம் சொல்லி, குறித்த நேரத்தில் கையை விரிப்பதை அங்கே மன்னிக்கமாட்டார்கள். மதியமே “நாலு மணிக்கு முடியாது, ஆறு மணிக்குத் தரலாம், அல்லது முதல் பாதியை இப்போது தரலாம்” என்றால் ஒருவரும் முகம் சுளிக்கமாட்டார். கண்டிப்பைக் குரல் உயர்த்திச் சொல்லவும் மாட்டார்கள். “இதை இன்னொருக்கால் பார்க்கலாமோ” என்று மெதுவாகச் சொன்னால், திருப்பி எழுது என்று அர்த்தம். கூட்டத்தில் பேசாமலிருப்பதை மரியாதையாக எடுக்கமாட்டார்கள், தயாராகாமல் வந்ததாக நினைப்பார்கள். ஒரு கேள்வியாவது எழுதிக்கொண்டு போங்கள். தேநீர் போட எழும்பினால் பக்கத்திலிருப்போரையும் கேளுங்கள். வெள்ளி மாலை மதுச்சாலைக்குக் கூப்பிட்டால், குடிக்காதவர் தோடம்பழச் சாறோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வரலாம். அடுத்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு பல நேரம் அங்கேதான் நடக்கிறது.

குறிப்பேடு

அனுபவ அறிக்கையில் புள்ளி இழப்பவர்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில் ஞாபகத்திலிருந்து எழுதுபவர்கள். “மறக்கமுடியாத அனுபவம்”, “பல்வேறு விடயங்களைக் கற்றுக்கொண்டேன்” என்று பக்கம் நிரம்பும், ஆனால் ஒரு சம்பவம் இருக்காது. வேலை நாளில் இரவு 15 நிமிடம் ஒதுக்குங்கள். அன்று கேட்கப்பட்டது என்ன, நீங்கள் கொடுத்தது என்ன, அதில் மேலதிகாரி வெட்டியது எந்த வரி. வெட்டிய வரிதான் முக்கியம். உங்கள் முதல் வரைவையும் திருத்திய பிரதியையும் பக்கம் பக்கமாக வைத்தால் மூன்று மாதத்தில் உங்கள் எழுத்தின் பழக்கதோஷங்கள் அத்தனையும் தெரியும்.

அனுபவத்தை அலசி எழுதுவதற்கெனக் கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் வகுத்த ஆறு படிகளைப் பல்கலைக்கழகங்கள் கேட்பதுண்டு: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன் அப்படி, முடிவு, அடுத்த முறை செய்வது. மாணவர்கள் முதல் இரண்டில் பக்கத்தை முடித்துவிடுவார்கள். புள்ளி நாலாவதிலும் ஆறாவதிலும் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயரை “அ”, “ஆ” என்று மாற்றி எழுதுங்கள். வெளிவராத அறிவிப்பை வட்ஸ்அப்பில் நண்பருக்குக் காட்டுவதும் வெளியிடுவதுதான்.

பண்பாடு பற்றி எழுத விடயம் தேடி அலையத் தேவையில்லை. கோடையில் மேற்கு ஈலிங் கனக துர்க்கை அம்மன் தேர் வீதிக்கு வரும். பக்தராக மட்டும் போகாமல் குறிப்பேட்டோடும் போங்கள். வீதி மூடல் அறிவித்தலை எங்கே, எந்த மொழிகளில் ஒட்டியிருக்கிறார்கள், அயல் வீட்டுக்காரரோடு யார் கதைக்கிறார், தேங்காய் ஓட்டை யார் கூட்டுகிறார், ஆங்கில உள்ளூர்ப் பத்திரிகை எந்தப் படத்தைப் போடுகிறது என்று பாருங்கள். நல்லூரில் 25 நாள் திருவிழாவுக்கு மாநகரசபை வீதி மூடுவதை அறிந்தவர்களுக்கு ஒப்பிட நிறையக் கிடைக்கும். நல்லூரில் ஊரே திருவிழாவுக்கு வழிவிடும். ஈலிங்கில் அந்த வழியை ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்கவேண்டும், அந்தக் கேட்டு வாங்கும் வேலைதான் பி.ஆர்.

கடைசி வாரத்தில் மூன்று கடதாசி வாங்காமல் வெளியேறவேண்டாம்: நிறுவனத் தாளில் சிபாரிசுக் கடிதம், எந்த எந்த வேலையை உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டலாம் என்ற எழுத்து அனுமதி, சம்பளம் வாங்கியிருந்தால் பி45 (வேலையை விடும்போது தரும் சம்பள, வரிப் பத்திரம்). அனுமதியை மின்னஞ்சலில் கேட்டால் போதும். “ஓகே” என்ற ஒற்றைச் சொல் பதிலையும் பி.டி.எப். ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், அலுவலக மின்னஞ்சல் கணக்கு வேலை முடிந்ததுமே பூட்டப்பட்டுவிடும்.