ஒற்றைத் தோடும் ஒரு பாலிசியும்

பயணம் முடிந்து வந்து கண்ணாடி முன் நின்றபோதுதான் பார்த்தேன், இடது காதில் தோடு இல்லை. திருகாணி தளர்ந்து வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. அம்மா கொடுத்த வைரத் தோடு. வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகப் போன் செய்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பாலிசியில் நகைக்கென்று தனி உச்சவரம்பு இருந்தது. தோட்டின் மதிப்பில் கால்வாசிகூடத் தேறாது. அந்தத் தொகையும் வீட்டுக்குள் திருடு போனால்தான். வெளியே, எப்படிப் போனது என்றே தெரியாமல் போனதற்குப் பைசா கிடையாது. எல்லாம் பாலிசியிலேயே அச்சாகியிருந்தது. படிக்காதது நான்தான்.

அதனால் முதலில் உங்கள் வீட்டு பாலிசியை எடுத்து, உச்சவரம்புகளையும் விலக்குகளையும் (எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பதையும்) மட்டுமாவது படியுங்கள். நகை, கைக்கடிகாரம், ரொக்கம், ஓவியம், பழைய நாணயம் இவற்றுக்குத்தான் பெரும்பாலும் வரம்பு குறைவாக இருக்கும்.

அப்புறம் பட்டியல். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனேன். மோதிரத்தின் உள்பக்க முத்திரை, கேமராவின் சீரியல் நம்பர், ரசீது எல்லாவற்றையும் படமெடுத்தேன். படங்களின் நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். தீப்பிடித்தால் பொருளோடு ஆதாரமும் போய்விடும்.

மதிப்பீட்டுச் சான்றிதழில்தான் பலரும் கோட்டை விடுகிறோம். பழைய ரசீது அன்றைய விலையைத்தான் சொல்லும். நான் முதலில் வாங்கிய சான்றிதழில் “வைரத் தோடு, ஒரு ஜோடி” என்று ஒரே வரி. அதை வைத்து என்ன செய்வது? எடை, தங்கத்தின் தரம், கல்லின் காரட், நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் பொருளை வாங்கவோ விற்கவோ ஆசைப்படுபவரிடம் மதிப்பீடு கேட்காதீர்கள்.

பாதுகாப்பைக் கூட்டப் பொதுவாக 2 வழிகள் உண்டு. ஒன்று, இருக்கிற பாலிசியின் நகை வரம்பை உயர்த்துவது. சின்னச் சின்னதாக நிறைய வைத்திருப்பவர்களுக்கு இது போதும். இன்னொன்று, விலை உயர்ந்த ஒவ்வொரு பொருளையும் பெயர், மதிப்போடு தனித்தனியாகக் குறித்துக் காப்பீடு எடுப்பது. பிரீமியம் கூடும்தான். ஆனால் தற்செயலாகத் தொலைவது, வெளியூரில் தொலைவது போன்றவை பெரும்பாலும் இதில்தான் அடங்கும். தோடு மாதிரிப் பொருளுக்கு இதைத்தான் சொல்வேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொருள் தொலைந்தால் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையா, அன்றைய சந்தை மதிப்பா, தேய்மானம் கழித்ததா? என் கைக்காசு எவ்வளவு போகும்? ஜோடியில் ஒன்று தொலைந்தால் ஜோடிக்கே பணமா, ஒன்றுக்கு மட்டுமா? போடாத நேரத்தில் பெட்டகத்தில்தான் வைக்க வேண்டுமா? உங்களால் முடியாத நிபந்தனை என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். தம்பியின் கேமராவில் வேறொரு சிக்கல் வந்தது: அவன் அதை வைத்துச் சம்பாதிக்கிறான், சொந்த உபயோகப் பாலிசி அதற்கு ஒத்துவராது. வாத்தியம் வாசித்துப் பணம் வாங்குபவர்களுக்கும் இதே கதைதான்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துச் சொல்லாதீர்கள். பல பாலிசிகளில், பாதி மதிப்புக்குக் காப்பீடு எடுத்திருந்தால் சேதத்திலும் பாதிதான் கொடுப்பார்கள். துரு, பூச்சி அரிப்பு, நாள்பட்ட தேய்மானம் ஆகியவற்றுக்கு எந்தப் பாலிசியும் பொதுவாக உதவாது. போனால் மறு மாதமே வாங்கிவிடக்கூடிய பொருளுக்குக் காப்பீடே வேண்டாம், அது வீண் செலவு.

2, 3 வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யுங்கள். தங்கம் விலை ஏறினாலும் பாலிசியில் உள்ள தொகை தானாக ஏறாது. புதிதாக வாங்கியதை உடனே தெரிவியுங்கள். திருடு போனால் போலீஸ் புகார், நிறுவனத்துக்குத் தகவல் இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

மிஞ்சிய வலது தோட்டையும் பட்டியலில் சேர்க்கக் கொண்டுபோனேன். திருகாணியை விரலால் சுழற்றிப் பார்த்துவிட்டு, “இதன் ஜோடி எங்கே?” என்றார் மதிப்பீட்டாளர். ஒற்றை என்றே எழுதச் சொன்னேன்.