தஸ்தயெவ்ஸ்கியை ஆய்கிறவர்கள் வழுக்கி விழும் இடங்கள்

கோவை, ஈரோடு பக்கம் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியை ஆய்வுக்கு எடுக்கிற பிள்ளைகள் சிலர், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முன்னால் ஆய்வேட்டை ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். ஸ்பைரல் போட்ட கட்டைத் திறந்தால் முதல் இயலிலேயே அந்த வரி உட்கார்ந்திருக்கும்: “கடவுள் இல்லையென்றால் எதுவும் செய்யலாம் என்கிறார் தஸ்தயெவ்ஸ்கி.”

அவர் எங்கே சொன்னார்? ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் அது சகோதரர்களில் ஒருவனான இவானின் கருத்து. அதையும் முதலில் மடத்தில் வைத்து உறவினர் மியூசோவ்தான் போட்டுக்கொடுக்கிறார். பக்கத்தில் இருக்கும் அண்ணன் திமித்ரி, “ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்” என்கிறான். கடைசியில் வீட்டு வேலைக்காரன் ஸ்மெர்தியாகோவ் இவர்களின் தந்தையைக் கொலையும் செய்துவிட்டு, “நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே” என்று இவான் முகத்திலேயே வீசுகிறான். வாய்க்கு வாய் கருத்து உருமாறுகிறது. ஆராய வேண்டியது அந்த உருமாற்றத்தை. நம்ம கோவைக் கவிஞர் புவியரசின் தமிழாக்கம் கையில் இருந்தும், இணையத்தில் மேற்கோளைப் பொறுக்குகிறார்கள். ‘அழகு உலகைக் காக்கும்’ கதையும் இதேதான்: ‘அசடன்’ நாவலில் கதாநாயகனான இளவரசன் அப்படிச் சொன்னதாக இப்போலித்து என்கிற இளைஞன்தான் சொல்கிறான்.

அடுத்தது, வாழ்க்கையை எடுத்து நாவலுக்குச் சாவியாக்குவது. தஸ்தயெவ்ஸ்கியையும் தந்தைக்கொலையையும் பற்றி உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு 1928இல் எழுதிய கட்டுரையை அப்படியே நம்பி இயல் இயலாக எழுதுகிறார்கள். 1839இல் தஸ்தயெவ்ஸ்கியின் தந்தை இறந்தது பண்ணையாட்கள் கையாலா, நோயாலா என்பதே இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. அஸ்திவாரமே ஆடும்போது மேலே மாடி எதற்கு?

மொழியில் விழுகிற குழி வேறு மாதிரி. ஒரு தம்பி ‘குற்றமும் தண்டனையும்’ பற்றி எழுதும்போது, குறளின் 44ஆம் அதிகாரமான குற்றங்கடிதலை இழுத்துவந்து இருபது பக்கம் ஒப்பிட்டிருந்தார். உழைப்பு நல்ல உழைப்புதான். ஆனால் ரஷ்யத் தலைப்பில் உள்ள ‘ப்ரெஸ்துப்லேனியே’ என்ற சொல்லுக்குள் ‘தாண்டிக் காலெடுத்து வைப்பது’ என்கிற பொருள் கிடக்கிறது. நாவலின் நாயகன் ரஸ்கோல்நிகோவ் தன்னையே குடைந்து கேட்பதும் தாண்டலாமா கூடாதா என்பதைத்தான். வள்ளுவர் பேசும் செருக்கும் சினமும் வேறு வீட்டுச் சமாச்சாரம். ஆங்கிலம் வழியாக வந்த தமிழ்ச் சொல்லின் மேல் வாதத்தை ஏற்றுமுன் மூலச் சொல்லை ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

தேதிகளிலும் கவனம் வேண்டும். அன்றைய ரஷ்ய நாட்காட்டி 12 நாள் பின்தங்கியது. தஸ்தயெவ்ஸ்கியைச் சுடப்போவதாக நிறுத்தி, கடைசி நேரத்தில் விட்ட அந்தப் போலி மரணதண்டனையை ஒரு பக்கத்தில் 1849 டிசம்பர் 22 என்றும் இன்னொரு பக்கத்தில் 1850 ஜனவரி 3 என்றும் போட்டால் தேர்வாளர் பிடித்துக்கொள்வார்.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, நாவலுக்காக அவர் எழுதிவைத்த குறிப்பேடுகளைப் பின்னாலிருந்து படிப்பதை. முடிந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒத்துவரும் குறிப்பை மட்டும் பொறுக்குவது. சென்னிமலைப் பெண்ணொருத்தி, ‘முழுமையான நல்ல மனிதனைப் படைக்கவே அசடனைத் தொடங்கினார்’ என்று எழுதியிருந்தாள். அந்த எண்ணம் அவருக்குப் பழையதுதான். ஆனால் 1867 இலையுதிர்காலத்தில் ஜெனீவாவில் எழுதிய குறிப்புகளில் இருக்கும் அசடன் கர்வமும் வெறியும் பிடித்தவன். டிசம்பர் 4ஆம் தேதி அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு, நாளைக்கு ஆறு திட்டம் வீதம் யோசித்து, 18ஆம் தேதி புதிதாக எழுத உட்கார்ந்தார். ஜனவரி 5க்குள் ஐந்து அத்தியாயம் பத்திரிகைக்குப் போய்விட்டது. நண்பரும் கவிஞருமான மாய்க்கவுக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரிக்கிறார். சாந்தமான இளவரசன் அந்த நெருக்கடியில் வந்தவன். பழைய அசடனின் வெறியில் கொஞ்சம், அதே நாவலில் வெறிபிடித்துக் காதலிக்கும் ரகோஷின் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அவள் வீட்டில் தறி ஓடுகிறது. “பாவு பூட்டின பொறவு டிசைனை மாத்துனா எங்கப்பா சண்டைக்கு வருவாருங்க” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “அப்ப அந்த மொத அசடனை எங்கீங்க வெக்கறது? பின்னிணைப்புலயா?” என்றாள்.

“மூணாவது இயலு, மொதப் பக்கத்துல வை கண்ணு” என்றேன். பைண்டிங்குக்குக் கொடுக்க நாலே நாள்தான் இருந்தது. முகம் வாடிப்போய்க் கட்டை எடுத்துக்கொண்டு பெருந்துறை பஸ் ஏறினாள்.