டெமோ பீஸ் இருக்கா என்று கேளுங்கள்

சென்ஹைசர் எச்டி 600 என்ற வயர் ஹெட்போன் மீது எனக்கு நெடுநாள் கண். 1997-இல் வந்த மாடல், இன்றும் விற்கிறது. மதுரை டவுன்ஹால் ரோட்டில் விசாரித்தால், ஆடித் தள்ளுபடி எல்லாம் புளூடூத் வகைக்குத்தான். ஒருவர், "வரவழைத்துத் தரேன், பில் வேண்டாம்னா குறைக்கலாம்" என்றார். 18% ஜிஎஸ்டி மிச்சம்தான், வாரண்டிக்கு யாரிடம் போவது?

அப்புறம் சென்னை ஆடியோ கடை ஒன்றுக்குப் போன் போட்டேன். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. டெமோ பீஸ், அதாவது வாடிக்கையாளர் கேட்டுப் பார்க்கக் கடையில் வைத்திருப்பது, இருக்கா என்றேன். இருந்தது, விலையும் நன்றாகவே இறங்கியது. இயர்பேட் (காதில் படும் மெத்தை) தேய்ந்திருக்குமே என்றதும் புது ஜோடி சேர்த்துத் தந்தார் (இந்த மாடலில் பேட், கேபிள் இரண்டையும் கழற்றி மாற்றலாம்). பில்லில் சீரியல் எண்ணையும் எழுத வைத்தேன்.

ஒன்று, இதன் மின்தடை 300 ஓம், அதிகம். போனில் நேரடியாகச் செருகினால் சத்தம் போதாது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.